கறுப்பாக விழுந்த நிறம்

அமெரிக்காவின் பிரான்டன் ஊரில் அந்தக் காலத்தில் பேஸ்பால் ஆடியவர்கள் நீலம் உடுத்தினார்கள் என்பதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. பக்கத்து ஊரான எடிசனிலிருந்து ஒரு தமிழ்ப்பெண் போய், சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்று, "இது நீலமாக இருக்க முடியாதே" என்று சொல்லும்வரை.

அவள் பெயர் விசாலாக்ஷி. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் துணியையும் சாயத்தையும் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். கணவன் சேனாபதிக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும், வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கைக்குழந்தை யாமினியைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினாள். மனைவி என்ற முறையில் அவளுக்குக் கிடைத்த டிபெண்டன்ட் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அது தெரிந்துதான் வந்தாள். ஆனால் தெரிந்து வருவது வேறு, சேனாபதி மன்ஹாட்டன் ரயிலைப் பிடிக்க ஓடிய பிறகு, ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு அபார்ட்மென்டில் உட்கார்ந்திருப்பது வேறு. ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வர எவ்வளவு நேரம்தான் ஆகிவிடும்? யாமினி ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் அந்த வீடு இன்னும் பெரிதாகிப்போனது.

லைப்ரரி போர்டில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். பக்கத்து ஊர் பிரான்டனின் வரலாற்றுக் கழகத்தில் பெட்டி பெட்டியாகப் பழைய உடைகள் கிடக்கின்றன, துணியைப் பற்றித் தெரிந்தவர்கள் வந்து பிரித்து வைக்க உதவலாம் என்று போட்டிருந்தது.

"சம்பளமெல்லாம் இல்லீங்க. சும்மா போயிட்டு வரட்டுமா?" என்று சேனாபதியிடம் கேட்டாள்.

"உனக்கும் டைம் பாஸ் ஆகும். போயிட்டு வா" என்றான் அவன். கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணிய புதிது. எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டிருந்தான்.

கழகம் இருந்தது ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில். கல்யாண கவுன்கள், பட்டாளத்துக் கோட்டுகள், குழந்தைகளின் தொப்பிகள் எல்லாம் அந்துருண்டை வாசனையோடு மூட்டை கட்டிக் கிடந்தன. விசாலாக்ஷி ஒவ்வொன்றாக எடுத்து, எது பருத்தி, எது கம்பளி, எது பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது என்று பிரித்து வைத்தாள். கழகத் தலைவர் டாக்டர் ஹாலிஸ், அந்த ஊரின் பல் டாக்டர். ஆள் பெரிய உருவம், சிரிப்பு அதைவிடப் பெரிது. அவள் பெயரை முழுசாகச் சொல்ல வராமல் "விஷா" என்று கூப்பிடுவார். வந்த முதல் வாரமே மாடிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பொருள் அது.

ஹாலிஸுக்கு ஒரே ஒரு பித்து உண்டு. 1869இல் பிரான்டனில் ஆடிய 'அலர்ட்' என்ற பேஸ்பால் கிளப். அந்த வருஷம் செப்டம்பரில் பெரிய நகரத்து அணி ஒன்றை அவர்கள் தோற்கடித்தார்கள். பிரான்டன் ஊர் அதற்குப் பிறகு எதிலுமே ஜெயித்ததில்லை என்று ஹாலிஸே சொல்லிச் சிரிப்பார். கிளப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வரப்போகிற ஜூலை நாலாம் தேதி, பழைய விதிகளோடு, பழைய உடுப்போடு பூங்காவில் ஒரு ஆட்டம் நடத்தப்போவதாகவும் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். உடுப்பு தைக்க நீலத் துணி வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று விசாலாக்ஷி கேட்டபோதுதான் அவர் படத்தைக் காட்டினார். செப்டம்பர் வெற்றிக்கு மறுநாள் எடுத்த படம் என்று பின்னால் எழுதியிருந்தது. ஒன்பது பேர். வெளிர் நிறத்தில் கம்பளிச் சட்டை. ஒவ்வொருவர் நெஞ்சிலும் பித்தான் போட்டு மாட்டிய, கேடயம் போல ஒரு துணி. அது மட்டும் அடர்ந்த கறுப்பு.

"கறுப்பாகத் தெரிகிறதே, அப்படியென்றால் கருநீலம்தானே? எங்கள் ஹைஸ்கூல் நிறமும் அதுதான்" என்றார் ஹாலிஸ்.

விசாலாக்ஷி ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், உங்கள் கொடியில் நட்சத்திரம் இருக்கும் மூலை நீலம் இல்லையா?"

"ஆமாம்."

"இதில் அந்த மூலை வெளுத்துப்போய் இருக்கிறது. நட்சத்திரமே தெரியவில்லை. கோடுகளைப் பாருங்கள். சிவப்புக் கோடெல்லாம் தார் பூசியது மாதிரிக் கறுப்பு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் நீலம் வெள்ளையாக விழுந்திருக்கிறது, சிவப்பு கறுப்பாக விழுந்திருக்கிறது. அப்படியென்றால் இவர்கள் நெஞ்சில் இருப்பது நீலமாக இருக்க முடியாதே."

ஹாலிஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சின்னப் பையனாக இருந்ததிலிருந்து இந்தப் படத்தைப் பார்க்கிறேன், விஷா" என்றார். குரலில் வருத்தமா சந்தோஷமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு நாள் போவதே தெரியவில்லை. கவுண்டி லைப்ரரியில், பழைய பேப்பர்களைப் படச்சுருளிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் மைக்ரோஃபிலிம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, 1869ஆம் வருஷத்துப் பிரான்டன் பத்திரிகையைப் பக்கம் பக்கமாக உருட்டினாள். பொடி எழுத்து. குதிரை விற்பனை, காணாமல்போன மாடு, மலேரியா மருந்து, சர்ச் விருந்து. தலை கிறுகிறுக்கும். கண்ணை மூடினாலும் எழுத்து ஓடும். யாமினியை ஸ்கூலிலிருந்து கூட்டிவரும் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பி, சிக்னலில் நிற்கும்போதுகூட அதையே யோசிப்பாள். கடைசியில் மே மாதத்துப் பேப்பரில் கிடைத்தது. ஊர்ப் பெண்கள் சேர்ந்து அலர்ட் அணிக்குப் புது உடுப்பு தைத்துக் கொடுத்தார்கள். சாம்பல் நிறச் சட்டை, நெஞ்சில் கருஞ்சிவப்புக் கேடயம். படித்ததும் அவள் வாய்விட்டு "ஐயோ!" என்று கத்திவிட்டாள். லைப்ரேரியன் எட்டிப் பார்த்தாள்.

இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி, சேனாபதியின் கம்ப்யூட்டரில் அவளே டைப் செய்து ஹாலிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடியைப் பற்றி, அந்தக் காலத்துப் போட்டோ முறையைப் பற்றி, கம்பளியைப் பற்றி, சாயத்தைப் பற்றி எல்லாம் இருந்தது. ஹாலிஸ் ஒரே மூச்சில் படித்தார்.

"இதை அப்படியே என் புத்தகத்தில் தனி அத்தியாயமாகப் போடுகிறேன். உன் பெயரில்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பிலடெல்பியாவில் ஒரு ஜவுளி அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மிஸ் பிரென்னன், பட்டாளத்துக் கோட்டு ஒன்றைப் பார்க்கப் பிரான்டன் வந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். விசாலாக்ஷி கொடியைக் காட்டி விளக்கியதைக் கேட்டுவிட்டு, "அச்சில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்" என்றாள். கிளம்பும்போது படிக்கட்டில் நின்று, "அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு ஆராய்ச்சியாளர் வேண்டும். தேர்வுக் குழுவுக்குக் காட்ட உங்கள் பெயரில் அச்சான எழுத்து ஏதாவது வேண்டும். விசாவை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றும் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் தோசை சுட்டுக்கொண்டே விசாலாக்ஷி அதைச் சேனாபதியிடம் சொன்னாள்.

"அவங்களே ஸ்பான்சர் பண்ணுவாங்களாமா?" என்று கேட்டான்.

"ஆமாங்க. அப்படித்தான் சொன்னாங்க."

"பரவால்லியே" என்றான். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான்.

அந்தப் 'பரவால்லியே'யை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு பல நாள் மனசுக்குள் வைத்திருந்தாள்.

ஜூலை நாலாம் தேதி நல்ல வெயில். பூங்காவில் ஊரே கூடியிருந்தது. சாம்பல் சட்டையும் கருஞ்சிவப்புக் கேடயமுமாக ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இறங்கியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்தக் கேடயங்களில் பாதியை விசாலாக்ஷியே வெட்டித் தைத்திருந்தாள். யாமினி அவள் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இஸ் தட் யுவர் ரெட்?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு, அம்மாவோட ரெட்தான்" என்றாள் விசாலாக்ஷி. சேனாபதி மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தான்.

மரத்தடி மேஜையில் புத்தகத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் ஒன்றை எடுத்து நேராகத் தன் அத்தியாயத்துக்குப் போனாள். எழுத்தெல்லாம் அவளுடையது. ஒரு வாக்கியம் மாறவில்லை. கொடி இருந்தது, கண்ணாடித் தகடு இருந்தது, மே மாதத்துச் செய்தி இருந்தது. "நான் இந்தப் படத்தை முதலில் கண்டபோது" என்று அவள் எழுதியதுகூட அப்படியே இருந்தது. அந்த 'நான்' இப்போது டாக்டர் ஹாலிஸ். புத்தகம் முழுக்க அவர் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், உடுப்புகள் தைப்பதில் உதவிய பெண்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றாக 'திருமதி சேனாபதி' என்று இருந்தது.

எலுமிச்சை ஜூஸ் கிளாஸோடு நின்றிருந்த ஹாலிஸிடம் போய் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். அவர் அவளை மெதுவாக ஓரமாகக் கூட்டிப்போனார்.

"உன் கணவர் உன்னிடம் சொல்லவில்லையா?"

"என்ன சொல்ல வேண்டும்?"

"வசந்த காலத்தில் எனக்கு ஃபோன் செய்தார். உன் பெயர் அச்சில் வந்தால் விசாவில் சிக்கலாகும், எங்கேயும் போட வேண்டாம் என்றார். உன்னிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். உங்கள் குடும்பத்துக்கு என்னால் கெடுதல் வரக் கூடாது என்று நினைத்தேன், விஷா."

"பெயரே இல்லாமல் போட்டிருக்கலாம் இல்லையா? உங்கள் பெயரை ஏன் போட்டீர்கள்?"

ஹாலிஸ் கிளாஸுக்குள் பார்த்தார். "புத்தகம் என்றால் எழுதியவர் என்று ஒருவர் வேண்டுமே" என்றார். அதற்குள் யாரோ அவர் தோளைத் தட்டிப் பாராட்டினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மைதானத்துக்கு அந்தப் பக்கம் சேனாபதி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். யாரோ பந்தை வெகுதூரம் அடித்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் யாமினி தூங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "ஹாலிஸுக்கு ஃபோன் பண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

சேனாபதி ரோட்டைப் பார்த்தபடியே, "பண்ணுனேன். நம்ம ஃபைல் பெண்டிங்ல இருக்குது. நீ வேலை பாக்கறேன்னு எவனாவது நெனச்சுட்டா மூணு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். உன்கிட்டச் சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. அதான்" என்றான்.

அது பயம் என்றால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். பயம் எல்லாருக்கும் இருந்தது. ஓக் ட்ரீ ரோட்டில் காபி குடிக்க உட்கார்ந்தால் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். அதனால் பாதி நம்பினாள். மீதிப் பாதியை நம்புவதற்காக, லீவு முடிந்ததும் லாயர் ஆபீஸுக்கு அவளே ஃபோன் பண்ணினாள். அங்கே இருந்த பெண் ஃபைலைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஹஸ்பெண்ட் ஏப்ரலிலேயே இதைக் கேட்டாரே. சம்பளம் வாங்காத வேலை, பெயர் வந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறோமே" என்றாள்.

ஹாலிஸுக்கு அவன் ஃபோன் பண்ணியது அதற்கு அப்புறமா என்று யோசித்தாள். சேனாபதி ரயில் இறங்கி வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"லாயரு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதுக்கப்புறந்தானே அந்தாளுக்கு ஃபோன் பண்ணுனீங்க?"

அவன் ஒரு ஷூவோடு அப்படியே நின்றான். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு ஷூவைத் தூக்கி மூலையில் வீசினான்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப? எனக்குக் கிரீன் கார்டுல மொதப் படி, அந்த லேபரே இன்னும் கிளியர் ஆகல. நாயாட்டம் ஓடிட்டிருக்கறேன். உனக்கு ஒரு மியூசியக்காரி படிக்கட்டுல நின்னுட்டு ஸ்பான்சர் பண்றேங்கறா. அப்புறம்? நாளைக்கு என்ற வேலை போச்சுன்னா நான் உன்ற டிபெண்டன்ட்டா இருக்கோணுமா? ஊர்ல எங்கப்பன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"நான் இத்தன நாளா அப்படித்தானுங்க இருக்கறேன்."

"நீயும் நானும் ஒண்ணா?" என்றான்.

கேட்ட பிறகுதான், கேட்டது என்ன என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். யாமினியின் புத்தகப்பையை எடுத்து ஒழுங்காக வைப்பது போல வெகுநேரம் எதையோ செய்துகொண்டிருந்தான். விசாலாக்ஷி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

விசாலாக்ஷி தான் எழுதிய அத்தியாயத்தை மிஸ் பிரென்னனுக்குத் தபாலில் அனுப்பி, ஃபோனிலும் நடந்ததைச் சொன்னாள். கணவனைப் பற்றிச் சொல்லவில்லை. பிரென்னன் ஹாலிஸுக்கு ஃபோன் செய்து விசாரித்தாளாம். "எனக்கு ரொம்ப உதவியாக இருந்தார், தங்கமான பெண்" என்று அவர் சொன்னாராம். "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் குழுவுக்கு நான் எதைக் காட்டுவது?" என்றாள் பிரென்னன். அந்த வேலைக்கு வேறு யாரோ வந்தார்கள்.

விசாலாக்ஷி மாடிச் சாவியைக் கழகத்தின் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். லைப்ரரிக்குப் போவதை மட்டும் விடவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாததால்தான் போனாள். பிரான்டன் பேப்பர் முடிந்துபோயிருந்தது. அதனால் 1869இல் அலர்ட் அணியிடம் தோற்றுப்போன அந்தப் பெரிய நகரத்துப் பேப்பரின் மைக்ரோஃபிலிம் சுருளை வரவழைத்து உருட்டினாள். வெளியே பனி பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அதில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. தோல்விக் கடுப்பில் எழுதிய பத்தி. பிரான்டன் பெண்கள் தைத்துக் கொடுத்த பகட்டுச் சிவப்பு, ஜூலை மழையில் சாயம் ஓடிச் சட்டையெல்லாம் ரத்தக்கறையாகிவிட்டது, அதனால் இந்தப் பையன்கள் தவளை மாதிரிக் கரும்பச்சை மாட்டிக்கொண்டு எங்களை ஜெயிக்க வந்தார்கள் என்று அந்தப் பேப்பர்க்காரன் கேலி செய்திருந்தான்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். படம் எடுத்தது செப்டம்பர் வெற்றிக்கு மறுநாள். அப்படியென்றால் படத்தில் இருப்பது பச்சை. கண்ணாடித் தகட்டில் பச்சையும் கறுப்பாகத்தான் விழும். கொடி சொன்னது நீலம் இல்லை என்பதை மட்டும்தான். சிவப்பு என்று அது சொல்லவே இல்லை. மே மாதத்துச் செய்தியைப் பார்த்த சந்தோஷத்தில் அவளாகவே தாவிவிட்டாள். சாயம் ஓடும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவள் மழையை யோசிக்கவே இல்லை. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் அந்தப் பக்கம் முழுக்கக் கோடு போட்டிருப்பாள்.

வெட்கத்தில் காது சுட்டது. அப்புறம்தான் இன்னொன்று மெல்ல உள்ளே வந்தது. இந்தத் தப்பு இப்போது அவளுடையது இல்லை. ஹாலிஸுடையது. எடுத்துக்கொண்டவர் தப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் அவளுக்குப் பசித்தது. லைப்ரரி வாசலில் நின்று, கொண்டுவந்த தயிர்சாதத்தை ருசித்துச் சாப்பிட்டாள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல இருந்தது சேனாபதி ஒருவன்தான். ஜூலைக்கு அப்புறம் இருவரும் பாலும் பில்லும் யாமினியின் காய்ச்சலும் தவிர எதையும் பேசியதில்லை. அன்றைக்கு அவள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதும், அவன் டிவியை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டான். கேட்டு முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! நல்லவேளை உன்ற பேரு போடல. போட்டிருந்தா உன்ற மானந்தானே போயிருக்கும்?"

நிஜமான சந்தோஷத்தோடு சொன்னான். இத்தோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துவிட்டான் போல. அவள் தோளில் கைகூட வைத்தான். விசாலாக்ஷி எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாள்.

அவள் ஹாலிஸிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜூலையும் பிரான்டன் அணி சிவப்பு உடுத்தி ஆடியது. மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டிடத்தின் பக்கவாட்டுச் சுவர் முழுக்க ஒன்பது பேரையும் சிவப்புக் கேடயத்தோடு வரைந்தார்கள். ஹைஸ்கூல் பையன்கள்கூடச் சிவப்புத் தொப்பி போட்டார்கள். அவள் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகக் காரை ஓட்டுவாள். சுவரைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு இனிப்பு ஊறும். உண்மை என்ன என்று தெரிந்துகொள்ளக் கண் வலிக்க வலிக்கப் படித்தவள், இப்போது ஒரு பொய்யைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கிரீன் கார்டு ஒருவழியாக வந்தது. விசாலாக்ஷிக்கு ஒரு இறக்குமதிக் கம்பெனியில் துண்டுகளின் சாயம் துவைத்தால் போகிறதா என்று பார்க்கும் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை, அந்தப் பேப்பர் பத்தியின் நகலை எடுத்துக்கொண்டு ஹாலிஸ் வீட்டுக்குப் போனாள். இனிமேல் யாரும் தன்னை எதுவும் செய்ய முடியாது என்ற தைரியம். உண்மைக்காகப் போகவில்லை. அவர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் போனாள்.

ஹாலிஸ் இளைத்திருந்தார். கிளினிக்கை மூடிவிட்டிருந்தார். அவளை உட்காரவைத்து டீ கொடுத்தார். அவள் நகலை மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

"தவளை" என்றார்.

விசாலாக்ஷி நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"புத்தகம் வந்த மறுவருஷமே பார்த்துவிட்டேன். அந்தச் சுருளை யாரோ எனக்கு முன்னால் வரவழைத்திருக்கிறார்கள் என்று லைப்ரரியில் சொன்னார்கள். நீதான் என்று தெரிந்துகொண்டேன்."

"தெரிந்துமா யாரிடமும் சொல்லவில்லை?"

"நீ சொன்னாயா?" என்று கேட்டார் ஹாலிஸ். குத்தலாகக் கேட்கவில்லை, கூட்டாளியிடம் கேட்பது போலக் கேட்டார். "நீ வந்து சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. அப்போதுதான் நிம்மதியானேன். சுவரையெல்லாம் யார் திரும்ப வரைவது? விட்டுவிடு, விஷா. இரண்டு பேருக்கும் தெரியும், போதும்."

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்தாள். இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாமல் அவர் தலைக்கு மேல் தான் ஒன்றைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவரோ அதன் அடியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். போதாததற்கு அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார்.

அந்த வாரமே எழுத உட்கார்ந்தாள். நடந்ததை மறைக்காமல் எழுதினாள். சிவப்பு என்று முதலில் சொன்னது தான்தான் என்றும், அந்தத் தவறு தன்னுடையது என்றும், ஏன் அப்படித் தவறிப்போனது என்றும் எழுதி, நகரத்துப் பேப்பரின் அந்தக் கேலிப் பத்தியையும் எடுத்துக் காட்டி, பழைய ஆட்டங்களைப் பற்றிய ஒரு சின்னக் காலாண்டிதழுக்கு அனுப்பினாள். பெயரைத் தன் அப்பா பெயரோடு 'கோபாலசாமி விசாலாக்ஷி' என்று போட்டாள்.

ஆசிரியர் ஃபோனில் மரியாதையாகத்தான் பேசினார். கண்டுபிடிப்பு அருமை, போடுகிறோம் என்றார். "ஆனால் ஒரு விஷயம். டாக்டர் ஹாலிஸ் பெயரில் அச்சான ஒன்றை நீங்கள் உங்களுடையது என்கிறீர்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"அதில் இருப்பது தப்பு, சார். இன்னொருத்தர் தப்பை யாராவது தன்னுடையது என்று சொல்வார்களா?"

"எனக்குப் புரிகிறது. ஆனால் ஆதாரம் இல்லாமல் போட முடியாது. அந்த வரிகளை எடுத்துவிடுகிறேன்."

அவள், "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

2001 வசந்தத்தில் இதழ் வந்தது. டாக்டர் ஹாலிஸ் என்ற முன்னோடி ஆய்வாளரின் நூலில் உள்ள ஒரு பிழையைக் கோபாலசாமி விசாலாக்ஷி திருத்துகிறார் என்று மேலே போட்டிருந்தார்கள். பிரான்டன் ஊர்ப் பத்திரிகையில், வரவேற்று இடம் கொடுத்தவர்களையே குறை சொல்ல வந்துவிட்டார்கள் என்று ஒரு அம்மாள் எழுதினாள். ஹாலிஸ் அதற்குப் பெருந்தன்மையாக ஒரு பதில் எழுதினார். ஆராய்ச்சியில் இளையவர்கள் மூத்தவர்களைத் திருத்துவதுதான் அழகு, என் உதவியாளராக இருந்தவர் இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குப் பெருமை என்றார். ஊரில் அவர் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. சுவரை யாரும் தொடவில்லை.

சேனாபதி அந்த இதழில் கைநிறையப் பிரதிகள் வாங்கி வந்தான். தமிழ்ச் சங்கத்துச் சித்திரை விழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் ஒன்றைக் கையில் கொடுத்து, "என்ற ஒய்ஃப் எழுதுனது அங்கிள், பாருங்க" என்று சொல்லிக்கொண்டு போனான். முகமெல்லாம் பெருமை. அந்தப் பெருமையில் பொய் எதுவும் இல்லை. விசாலாக்ஷி வடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வசந்தாமணி ஆன்ட்டி என்று சங்கத்தில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு பெரியவள் இதழைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, "ஏம்மா, அந்த டாக்டரு எழுதுனதுல நீ தப்பு கண்டுபுடிச்சிட்டியாக்கு?" என்று கேட்டாள்.

"தப்பு என்னுதுங்க ஆன்ட்டி" என்றாள் விசாலாக்ஷி.

ஆன்ட்டி சேனாபதியைப் பார்த்துச் சிரித்தாள். "எத்தன அடக்கம் பாத்தியா தம்பி உன்ற பொண்டாட்டிக்கு!" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள்.